சுராங்கனியும் சம்பூரும்

ஏ.ஈ. மனோகரனை ஈழத்தவர் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்றனர். தமிழகத்தார் ‘சிலோன் மனோகர்’ என்றனர். பைலாத் தாளத்தில், சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய ‘சுராங்கனி’ ஒரு மீன் பாட்டு. 1977இல் இளையராஜா இசையில் அது தமிழ்த் திரைக்கும் சென்றது. அதே ஆண்டில்தான் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

2006இல் போர் சம்பூர் மக்களைப் பெயர்த்தது. கொட்டியாரக் குடாவில் மீன்பிடித்தவர்கள் கிளிவெட்டி முகாமில் கடலின்றி வாழ்ந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரே ஊர் திரும்பினர். மனோகரன் 2018 ஜனவரி 22இல் சென்னையில் மறைந்தார்.

அவர் பாட்டை இரு இனத்தவரும் இன்றும் பாடுகின்றனர். பாட்டில் எளிதாய்க் கூடிய இரு மொழிகளும் மண்ணில் கூடுவதற்குப் பட்ட பாட்டையே, பத்திரிகையாளனாக நான் எழுதி வந்திருக்கிறேன்.