தோட்டத்துக் கோயில்களும் உரிமைப் பத்திரங்களும்

கோயிலுக்கு ஒன்றை அளித்தால் அதனை எழுதி வைத்தல் தமிழர்தம் தொன்றுதொட்ட வழக்கமாகும். 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை எழுப்பி முடித்த முதலாம் இராசராச சோழன், தானும் தன் தமக்கையார் குந்தவையும் பிறரும் வழங்கிய கொடைகளை அக்கோயிற் கல்லிலேயே வெட்டுவித்தான். பொன்னின் நிறை, விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் தொகை, நிலம் அமைந்த ஊரின் பெயர் ஆகியவற்றை இன்றும் அங்குப் படிக்கலாம்.

இத்தகைய மரபினரான தமிழ் மக்கள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பேராக் மாநிலத்திற்கு வந்தபோது, அவர்கள் எழுப்பிய கோயில்களுக்கு மட்டும் எழுத்து இல்லாமற் போனது. முதலில் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர்ச் சுங்கை சிப்புட், சிம்மோர், தெலுக் இந்தான் சுற்றுவட்டார இரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் வேலைக்கு அமர்ந்தனர். லயத்துக்கு அருகில் ஒரு மரத்தடியில் கல்லை நாட்டி மாரியம்மனையும் முனீசுவரரையும் வழிபட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தகரக் கொட்டகையாகி, பின்பு மண்டபமாயிற்று. திருவிழாச் செலவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. தோட்டத்துரை பலகையும் தகரமும் கொடுத்தார். கங்காணியார் முதல் மரியாதை பெற்றார். நிலமோ கம்பெனிக்குரியது. துரை வாய்மொழியாக இசைந்ததே அக்கோயிலுக்குக் கிட்டிய ஒரே உரிமம். தோட்டமும் லயமும் என்றென்றும் இருக்கும் என எண்ணிய அம்மக்கள் பத்திரம் கேட்கவில்லை என்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

பினாங்கின் நிலை வேறு. நீரிணைக் குடியேற்றங்களுக்கென இயற்றப்பட்ட அறநிலையச் சட்டத்தின்கீழ் அங்கு 1906ஆம் ஆண்டிலேயே இந்து அறநிலைய வாரியம் அமைந்தது. பேராக் கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாதலால் அவ்வேற்பாடு இங்கு வரவில்லை. (லூமூட், பங்கோர் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி மட்டும் 1935ஆம் ஆண்டுவரை நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்திருந்தது.) எனவே இங்கு ஒவ்வொரு கோயிலும் தன் உரிமையைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

1950ஆம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகப் பலர் கைக்கு மாறின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்குவது அதன் நோக்கம். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் நிலம் இருந்தாலன்றிக் கூட்டு உழைப்புக்குக் கூட்டு உரிமை கிட்டாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1966ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் இதனை மேலும் உறுதியாக்கிற்று. எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அரசு நிலம் உரிமையாகாது என்கிறது அதன் 48ஆம் பிரிவு. தனியார் நிலத்துக்கும் அவ்வாறே என்கிறது 341ஆம் பிரிவு. நூறாண்டு வழிபாடாயினும் நில அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரிக்கு ஈடாகாது. இந்தியாவில் தெய்வத் திருமேனியைச் சட்டமே ஓர் ஆளாக ஏற்கும். 1925ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதி செய்தது. மலேசிய நிலச் சட்டத்தின் 43ஆம் பிரிவோ நிலம் வைத்திருக்கத் தக்கோரை வரிசைப்படுத்துகையில் தெய்வத்தைக் கூறவில்லை. ஆகவே அம்மனின் பெயரில் கிராண்ட் எழுத இயலாது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்ற கோயில்களும் உண்டு. ஆனால் அவ்வுரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும், புதுப்பித்தாக வேண்டும்.

பத்திரம் இல்லாமையின் விலை என்னவென்பதை அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில் நாடே கண்டது. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தை இடம் மாற்றுவது பற்றி 2014ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் இசைவுத் தீர்ப்பு பதிவாகியிருந்தும் பூசல் ஓயவில்லை. 2018 நவம்பரில் அது கலவரமாக வெடித்தது. அங்குப் பணிக்குச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் காயமுற்று, அடுத்த மாதம் உயிர் நீத்தார்.

ஆலய நிர்வாகங்களுக்கு வழிகாட்டுவது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டமாகும். அதன் 9ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து அறங்காவலர் பெயரில் இல்லாவிடின் சங்கத்தின் பெயரிலேயே பதிவு பெறலாம். அதற்கான ஆவணங்களில் பொறுப்பாளர் மூவர் ஒப்பமிட்டுச் சங்க முத்திரை பொறிக்க வேண்டும். இவ்வசதியை அறியாமல், அன்று நம்பிக்கைக்குரிய பெரியவர் மூவரின் பெயரில் நிலத்தை எழுதியோர் உளர். ‘அறங்காவலராக’ என்னும் சொல் பத்திரத்தில் விடுபட்டால், பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அது அவர்களின் சொந்தச் சொத்தாகவே தோன்றும். பெரியவர்கள் மறைந்த பின் பிள்ளைகள் உரிமை கொண்டாடுவர். கெட்ட எண்ணமே இல்லாத பிள்ளைகளாயினும், நீதிமன்றத்தின் வழி நிர்வாக உரிமை பெற்றே அதனைக் கோயிலுக்கு மாற்ற இயலும். ஒரு சொல் விடுபட்டதற்கு அத்தனை அலைச்சல்!

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் பதிவிலாகாவுக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதனைத் தொல்லையெனக் கருதுவோர், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்தல் நன்று. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கின. பதிவிலாகா அத்துணைக் கடுமை காட்டுவதில்லை!

இறுதியாக, அன்பர்தம் உயில் பற்றியும் கூற வேண்டும். ‘என் காலத்துக்குப் பிறகு இவ்வீடு கோயிலுக்கே’ என்று சந்நிதியில் நின்று சொல்வோர் பலர். எழுத்தில்லையேல், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி எல்லாம் உறவினருக்கே சேரும். கோயிலுக்கு ஒரு காசும் வராது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் சாட்சிகள் இருவரும் ஒருங்கே காண ஒப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியிட்டால் அவருக்குரிய பங்கு செல்லாது. உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் முந்தைய உயில் பொதுவாக இரத்தாகிவிடும். தோட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் ஒரே சேமிப்பாக அமைந்தது 1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதி. அதில் இந்துக்கள் வாரிசாகப் பெயர் குறித்தவருக்கே பணம் போகும்; உயிலில் வேறு எழுதியிருப்பினும் பயனில்லை. மேலும், வெறுமனே ‘மாரியம்மன் கோயிலுக்கு’ என்று எழுதினால் எந்த மாரியம்மன் என்னும் வினா எழும். பேராக்கில் அம்மனில்லாத் தோட்டம் ஏது? சங்கப் பதிவிலாகாவில் உள்ள முழுப்பெயரையும் பதிவெண்ணையும் ஆலய அலுவலகத்தில் கேட்டுப் பெற்று உயிலில் குறிப்பதற்கு ஐந்து நிமிடமே ஆகும்.