மிதவையா, சக்கரமா? தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் குட்டி விமானத்தை வைத்துக்கொள்வது எப்படி?

பிரிக்பீல்ட்ஸில் காருக்கே பார்க்கிங் கிடைக்கவில்லை, இதில் சொந்தமாக விமானமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் விமானம் நமக்குப் புதிதில்லை. மலேசிய கடல்சார் அமலாக்க நிறுவனத்திடம் பம்பார்டியர் 415 ரகத்தில் இரண்டு வந்தன. அவற்றின் தளம் சுபாங். 2015 அக்டோபரில், புகைமூட்டத்தால் நமக்கெல்லாம் தொண்டை கரகரத்த சமயம், சுமத்ராவின் காட்டுத்தீயை அணைக்க அதில் ஒன்று போனது.

அது பெரிய விமானம். அதன் உடலே படகு. தனிநபர்கள் வாங்கும் சிறு விமானங்களில் பெரும்பாலும் வேறு ஏற்பாடு: சாதாரண செஸ்னா போன்ற ஒன்றின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு நீளமான மிதவைகளைப் பொருத்துவார்கள். அலாஸ்காவிலும் கனடாவிலும் பலர் கோடையில் மிதவை, குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் சக்கரம் அல்லது பனிச்சறுக்குக் கட்டை என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

இது சும்மா டயர் மாத்துற வேலை இல்லை. விமானத்தையே கிரேனில் தூக்க வேண்டும். மிதவை போட்டால் விமானம் பக்கவாட்டில் அலையும் என்பதால், சில ரகங்களுக்கு வால் பகுதியில் கூடுதல் துடுப்பும் தேவை. எடையும் எடை மையமும் மாறிவிடுவதால் புதுக் கணக்கு எழுதி, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட பிறகே பறக்கலாம்.

நம் ஊரில் ஏரி உறையாது. அதனால் பருவத்துக்குப் பருவம் மாற்றும் அவசியமும் இல்லை. இங்கே பொருத்தமானது, மிதவைக்குள்ளேயே மடங்கும் சக்கரம் கொண்ட ஆம்பிபியன் ரகம். இலங்கையில் 2013இல் தொடங்கிய சினமன் ஏர் இப்படிப்பட்ட செஸ்னா கேரவன் விமானங்களைப் பயன்படுத்துகிறது. கட்டுநாயக்க ஓடுபாதையில் சக்கரத்தில் ஓடிக் கிளம்பி, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவையில் இறங்கலாம். சக்கரத்துக்கும் மிதவைக்குமான மாற்றம் வானத்திலேயே நடந்துவிடும். விமானிக்கு அது ஒரு நெம்புகோல்.

ஆபத்தும் அந்த நெம்புகோலில்தான். ஓடுபாதையில் சக்கரத்தை இறக்க மறந்தால், மிதவையின் அடி உரசி, பெரும்பாலும் பணச் செலவோடு தப்பிக்கலாம். தண்ணீரில் சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்தால் கதையே வேறு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் தண்ணீரில் மாட்டி, விமானம் ஒரு நொடியில் குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக, பெல்ட்டில் தொங்கியபடி, நீருக்கடியில் கதவைத் தேட வேண்டும்.

இதைப் பெரும்பாலும் புதியவர்கள் செய்வதில்லை என்பதுதான் கொடுமை. ஓடுபாதைக்குப் பழகிய கை, இறங்கும் நேரம் வந்ததும் தானாகச் சக்கரத்தை இறக்கிவிடும். அல்லது ஓடுபாதையிலிருந்து கிளம்பியவர் பக்கத்து ஏரிக்குத்தானே என்று சக்கரத்தை மடக்காமலே போய்விடுவார். அதனால்தான் இறங்குவதற்கு முன் பலமுறை, வாய்விட்டே சொல்லிப் பார்க்கச் சொல்கிறார்கள்: "இது தண்ணீர், சக்கரம் மேலே." வேகம் குறைந்ததும் சக்கரத்தின் நிலையைக் குரலில் சொல்லும் கருவியும் உண்டு. வாங்குகிற விமானத்தில் அது இல்லையென்றால், பெயிண்ட், சீட் எல்லாவற்றுக்கும் முன்னால் முதலில் அதைப் போடுங்கள்.

இன்னொரு விலையும் உண்டு: எடை. சக்கரம், ஹைட்ராலிக் எல்லாம் சேர்ந்த மிதவை, வெறும் மிதவையைவிடக் கனமானது. அந்தக் கனம் உங்கள் பயணிகளிடமிருந்தும் எரிபொருளிலிருந்தும்தான் கழியும். நாலு சீட் விமானத்தில் நாலு பேர் போக முடியாமல் போவது சாதாரணம்.

பிறகு உப்பு. போர்ட் கிள்ளான் பக்கம் படகு வைத்திருப்பவர்களைக் கேட்டாலே தெரியும், கடல்நீர் இரும்பை என்ன பாடுபடுத்தும் என்று. கடலில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, சக்கர மூட்டுகளுக்கு கிரீஸ் போட வேண்டும். மிதவை ஒவ்வொன்றும் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கும். பறக்கும் முன் ஒவ்வொரு அறையிலும் கசிந்த நீரைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது வழக்கம். தினமும் ஒரே அறையில் நிறைய வந்தால் எங்கோ விரிசல் என்று அர்த்தம்.

உரிமம்? விமான ஓட்டுநர் உரிமத்தில் தரை விமானமும் நீர் விமானமும் தனித்தனி வகுப்பு. தரை விமான உரிமம் மட்டும் இருந்தால் போதாது. தண்ணீரில் பிரேக் கிடையாது, இன்ஜினைப் போட்டதுமே நகரத் தொடங்கிவிடும், காற்றே இல்லாத கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. இதற்கெல்லாம் தனிப் பயிற்சி வேண்டும். உரிமத்துக்கும் விமானப் பதிவுக்கும் நீங்கள் போக வேண்டிய இடம் மலேசிய பொது வான் போக்குவரத்து ஆணையம், சி.ஏ.ஏ.எம். எந்த ஏரியில் இறங்க நினைக்கிறீர்களோ, அதை நிர்வகிப்பவரின் அனுமதியையும் விமானம் வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.