மண்ணா, ரத்தமா?

ஏலாக்குறிச்சிக்குப் போனால் அடைக்கல மாதா கோயிலைக் காட்டி, ‘வீரமாமுனிவர் கட்டினது’ என்பார்கள். பெஸ்கி என்ற அந்தப் பாதிரியார் 1680-ல் பிறந்தது இத்தாலியில். இங்கே வந்தார், தமிழ் கற்றார், தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார். 1968-ல் மெரினாவில் அவருக்குச் சிலையே வைத்தோம்! ‘உங்க அப்பா எந்த ஊரு?’ என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால், சட்டம் கேட்கும். நீ பிறந்த மண் எது? இல்லாவிட்டால், உன் பெற்றோர் யார்? அமெரிக்கா 1868-ல் மண்ணை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஜெர்மனி 1913-ல் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டுக்கும் நடுவே சிக்கியவர்கள் நம்மவர்கள். ஏலாக்குறிச்சி அடங்கிய பழைய திருச்சி மாவட்டம், புதுக்கோட்டை, சேலம்... இங்கிருந்தெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காபி, அப்புறம் தேயிலை. அங்கேயே பிள்ளை பெற்றார்கள், பேரன் கண்டார்கள்.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். அங்கே பிறந்தால் மட்டும் போதாதாம். அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும்! மருத்துவச்சி கையில் பிறந்த அப்பனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காலத்தில் பாதிப் பாதியாக. ஏதோ மாடு கன்று பிரிக்கிற மாதிரி! எஞ்சியவர்களுக்கு இலங்கை குடியுரிமை தர 2003 ஆனது.

‘நம்ம நாடு பரவாயில்லையே?’ என்பீர்கள். நமது 1955 சட்டம் மண்ணைத்தான் நம்பியது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. மெல்ல மெல்ல, மண்ணிலிருந்து ரத்தத்துக்கு.

1986-ல் மண்டபம் அகதி முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2024-ல் அவர் ஓட்டும் போட்டார். அதே முகாமில், இரண்டு வருஷம் கழித்து அகதித் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை? பிறப்பால் இந்தியர் இல்லை. அதே மண், அதே தண்ணீர், அதே தமிழ். தேதிதான் வேறு. அதனால் ஓட்டு கிடையாது; இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது.