ஆட்டம் முடிந்தபின் நிற்கும் கணக்கு

துறைமுகத்தின் அருகே வாழ்வோர்க்குக் கணக்கு என்பது புதிய பொருள் அன்று. காயலின் அடிமண்ணை வாரிக் கொட்டி எழுப்பப்பட்டது வெலிங்டன் தீவு. 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியியலாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் பெயரும், 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் உள்துறைமுகத்திற்குள் நுழைந்த ‘பத்மா’ என்னும் கப்பலின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. ஆகவே மக்கள் நினைவிலும் இருக்கின்றன. மண் சுமந்த கைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏட்டில் ஏறியது வரலாறாகிறது, ஏறாதது மறைகிறது. இவ்வுண்மை விளையாட்டுக்கும் பொருந்துமா என்பதைக் கூடைப்பந்தாட்டத்தின் கணக்கேட்டைக் கொண்டு ஆராய்வோம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் பொருத்தி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். பக்கத்திற்கு ஒன்பதின்மர் ஆடினர். பந்து ஒரே ஒரு முறை கூடையில் விழுந்தது. அந்த ஆட்டத்தின் கணக்கை எழுத ஏடே வேண்டியதில்லை. ஒரு விரல் போதும்.

கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வழியாக ஆட்டம் கடல் கடந்தது. ஹாரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிப் பள்ளி, இந்நாட்டில் விளையாட்டுக் கல்விக்கு வித்தாயிற்று. 1934ஆம் ஆண்டில் தேசியப் போட்டி தோன்றியது. 1950இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது.

இனி, கணக்கு ஆட்டத்தையே மாற்றிய கதையைக் காண்போம். 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் ஆட்டம் ஒன்றில் ஃபோர்ட் வேய்ன் அணி 19 புள்ளிகளும் மினியாபொலிஸ் அணி 18 புள்ளிகளும் எடுத்தன. எதிரணியின் ஜார்ஜ் மைக்கனுக்கு அஞ்சிய ஃபோர்ட் வேய்ன் அணியினர், பந்தைக் கூடையை நோக்கி எறியாமல் தம் கையிலேயே வைத்துக் காலத்தைக் கடத்தினர். அந்த 18 புள்ளிகளில் 15 மைக்கன் ஒருவருடையவை. காசு கொடுத்து வந்தவர்கள் சலித்துப் போயினர்.

இதற்கு மருந்து கண்டவர் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன். விறுவிறுப்பான ஆட்டங்களின் ஏடுகளைப் பார்த்து, இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடையை நோக்கி எறிவதை அவர் கண்டார். ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. அதனை 120ஆல் வகுத்தால் 24 வருகிறது. பந்து கிடைத்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி 1954ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்தது. அதற்கு முந்திய பருவத்தில் ஓர் அணியின் சராசரி 79 புள்ளி. அடுத்த பருவத்தில் 93. ஒரு வகுத்தல் கணக்கு ஒரு விளையாட்டைக் காத்தது என்று கூறினால் அது மிகையாகாது.

ஏட்டின் மற்றோர் ஆற்றலையும் கூற வேண்டும். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், ஹெர்ஷி என்னும் சிற்றூரில், ஃபிலடெல்ஃபியா அணியின் வில்ட் சேம்பர்லின் ஓர் ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். அவ்வாட்டத்தின் திரைப்படம் கிடையாது. நமக்கு எஞ்சியிருப்பவை இறுதிப் பகுதியின் வானொலி ஒலிப்பதிவும் கணக்கேடும். அவ்வேடு கூறுவது யாது? களத்திலிருந்து எறிந்தவை 63, விழுந்தவை 36. ஃபவுலுக்கு ஈடாகக் கிடைத்த தனி எறிதல்கள் 32, விழுந்தவை 28. முப்பத்தாறின் இரட்டிப்பு 72. அதனோடு 28ஐக் கூட்டினால் நூறு. கண்ணால் காணாத ஆட்டத்தை இன்றும் கூட்டிச் சரிபார்க்க இயல்கிறது.

ஆயினும் ஏடு முழு உண்மையையும் கூறுவதில்லை. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பற்றுவதை அச்சங்கம் 1950ஆம் ஆண்டில்தான் எண்ணத் தொடங்கியது. எதிரியின் எறிதலைத் தடுப்பதும், பந்தைப் பறிப்பதும் 1973ஆம் ஆண்டில்தான் ஏட்டில் ஏறின. பதின்மூன்று பருவங்களில் பதினொரு வாகைகள் சூடிய பில் ரசல், எறிதலைத் தடுப்பதில் பெரும் புகழ் பெற்றவர். அவர் 1969இல் ஓய்வு பெற்றார். ஆகவே சங்கத்தின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு தடுப்பும் இல்லை! ஏட்டில் இல்லை என்பதனால் அவர் தடுக்கவில்லை என்று கொள்ளலாமோ? புள்ளி எடுத்தவனை எண்ணுவது எளிது; எடுக்கவிடாமல் காத்தவனை எண்ணுவதற்குத் தனியே ஒரு மனம் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானது அன்று. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், இத்தீவிற்கு அப்பால் கடவந்திராவிலுள்ள ராஜீவ் காந்தி உள்ளரங்கில், இந்திய தேசியக் கூடைப்பந்து லீகின் ஆட்டங்கள் நடைபெற்றன. ஆறு நகர அணிகளுள் கொச்சியும் ஒன்று. கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், 2011ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வுக்குச் சென்றவர். 2014ஆம் ஆண்டில் இந்திய ஆடவர் அணி, சீனத்தை அதன் மண்ணிலேயே 65க்கு 58 என்ற கணக்கில் வென்றது.

இத்தகைய பெயர்கள் நிலைக்க வேண்டுமானால் சிறிய ஆட்டங்களிலும் ஏடு ஒழுங்காக எழுதப்பட வேண்டும். சர்வதேச முறையில் களத்திலிருந்து விழுந்த பந்துக்கு ஒரு சாய்கோடு. தனி எறிதலுக்கு நிரப்பிய வட்டம். மூன்று புள்ளி எறிந்தவரின் எண்ணைச் சுற்றி ஒரு வளையம். ஐந்தாம் ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேறுகிறார். முடிவில் தலைமை நடுவர் கையொப்பமிட்டவுடன், ஆட்டத்தோடு அவருக்குள்ள தொடர்பு முடிகிறது. கணக்கர் கைதட்டலாகாது, கண்ணையும் எடுக்கலாகாது.

நம் பள்ளிகளிலும் ஊர்க் கழகங்களிலும் ஆட்டம் முடிந்ததும் அத்தாள் பெரும்பாலும் என்ன ஆகிறது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. கோப்பையை அலமாரியில் வைக்கும்போது, அதனருகே அந்தத் தாளையும் வைப்போமாக. வென்றது யார் என்பதைக் கோப்பை சொல்லும். எவ்வாறு வென்றார், யார் துணை நின்றார் என்பதைத் தாள்தான் சொல்லும்.