நாய்க்குட்டியின் கால் கோணிய கதை

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் கால் வளைந்து, நிற்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. 1889-ல் ஜான் பிளாண்ட் சட்டன் என்ற அறுவை மருத்துவர் அவற்றின் தீனியைப் பார்த்தார். கொழுப்பில்லாத வெறும் கறி. நொறுக்கிய எலும்பும் காட் மீன் ஈரல் எண்ணெயும் கொடுக்கச் சொன்னார். குட்டிகள் தேறின. ஏன் தேறின என்பதுதான் விளங்கவில்லை.

அதைத் துருவியவர் எட்வர்ட் மெல்லன்பி. பிரிட்டனின் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயால் கால் கோணிய பிள்ளைகள் நிறைந்திருந்த காலம். அவர் நாய்க்குட்டிகளை வெளியே விடாமல், கொழுப்பெடுத்த பாலும் ரொட்டியும் ஓட்ஸ் கஞ்சியும் போட்டு வளர்த்தார். அவற்றுக்கும் கால் கோணியது. மீன் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகள் தப்பின. 1919-ல் இதை வெளியிட்டபோது வைட்டமின் ஏ-தான் காரணம் என்று நினைத்தார். அது வேறொரு பொருள் என்று 1922-ல் பிரித்துக் காட்டி, வைட்டமின் டி என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் எல்மர் மெக்கல்லம். மனிதப் பிள்ளைகளுக்காகத்தான் அந்தக் குட்டிகள் நொண்டின. நாய் வைத்தியத்துக்குக் கிடைத்தது உபரி லாபம்.

‘குட்டி நொண்டுகிறதா, கால்சியம் ஊற்று, வெயிலில் கட்டு’ என்பது இன்றைக்கும் நம் ஊர் வழக்கம். ஆனால் வெயில் பட்டாலும் நாயின் தோல் தேவையான வைட்டமின் டியைத் தயாரிக்காது. அது தீனியில்தான் வர வேண்டும். கால்சியம் கூடினாலும் கேடுதான். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஹேசவிங்கல் என்ற ஆய்வாளரின் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகமாகக் கொடுத்துப் பார்த்து, எலும்பு வளர்ச்சியே கெட்டதை 1985-ல் எழுதினார்கள். சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது.

குட்டி நொண்ட இன்னொரு காரணமான இடுப்பு மூட்டுத் தளர்ச்சி வேறு சங்கதி. நாய்களில் அதை 1935-ல் எழுதிவைத்தவர் அமெரிக்காவின் ஷ்னெல். பரம்பரை நோய்தான், ஆனாலும் தீனிக்கு அதில் பங்குண்டு. ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் குட்டிகளைச் சோடி சேர்த்து, ஒன்றுக்குப் போட்டதில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குப் போட்டார்கள். குறைவாகத் தின்றவற்றில் இடுப்புக் கோளாறும் குறைந்ததாக 1992-ல் முடிவு வந்தது.

ஆகவே, நொண்டும் லாப்ரடார் குட்டி வந்தால், நாய் வைத்தியம் பார்க்கும் நான் முதலில் விலாவைத் தடவிப் பார்ப்பேன். எலும்பு கைக்குத் தட்டாவிட்டால் தீனியைக் குறைக்கச் சொல்வேன். மாடிப்படியும் வழுக்கும் டைல்ஸும் வேண்டாம். நொண்டல் விடாவிட்டால் எக்ஸ்ரே. நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் கால்சியம் இல்லையே என்று, போகிற வழியில் மருந்துக் கடையில் தாமே வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு.