பிலே தீவின் கடைசி எழுத்து

எகிப்தின் ஆஸ்வானுக்குத் தெற்கே ஷெல்லால் படகுத்துறையில் மோட்டார் படகு ஏறினால், சற்று நேரத்தில் ஐசிஸ் தேவியின் கோவில் தண்ணீருக்கு நடுவே தெரியத் தொடங்கும். நாம் இறங்கும் தீவின் பெயர் அகில்கியா. கோவில் முதலில் நின்றது பக்கத்துத் தீவான பிலேயில். 1902-ல் கட்டிய ஆஸ்வான் அணை அதை ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கடித்தது; சுவர் வண்ணங்கள் கரைந்து போயின. பிறகு யுனெஸ்கோ முயற்சியால் சுமார் 40,000 கற்களாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து அடுக்கி, 1980-ல் திறந்தார்கள்.

முகப்பில் 18 மீட்டர் உயர வாயில் கோபுரம். மன்னர் பன்னிரண்டாம் தாலமி பகைவர்களை அடிக்கக் கை ஓங்கும் சிற்பம் அதில் இருக்கிறது. அதோடு திரும்பிவிடக் கூடாது. மேற்குப் பக்கம் ஹேட்ரியன் வாயிலுக்குப் போக வேண்டும். அங்கே மண்டுலிஸ் என்ற நூபிய தெய்வத்தின் உருவத்தருகே, நெஸ்மெட்டர்ஆகெம் என்ற பூசாரி கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று சில வரிகள் செதுக்கினார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய எகிப்தியச் சித்திர எழுத்தில், தேதியோடு நமக்குக் கிடைத்த கடைசிக் கல்வெட்டு அதுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்திருந்தார். பிலே தப்பியதற்குக் காரணம் எல்லை அரசியல். தெற்கே இருந்த நூபியர்களும் பிளெம்மியர்களும் ஐசிஸை வணங்கினார்கள். அவர்களோடு சமாதானம் ரோமுக்குத் தேவைப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கோவிலை மூடினார். சிலைகள் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயின. கோவில் புனித ஸ்தேவான் தேவாலயமானது. அப்போது வெட்டிய சிலுவைகளை இன்றும் பார்க்கலாம். சித்திர எழுத்தைத் தனியாக யாரும் தடுக்கவில்லை. அதைக் கற்பித்த கோவில்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எழுத்தும் கூடவே ஓய்ந்தது.

அதை மீட்கும் வழியும் பிலேயிலிருந்துதான் கிடைத்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பிலே பூசாரிகள் எட்டாம் தாலமியிடம் ஒரு முறையீடு வைத்தார்கள்: வந்து போகும் அதிகாரிகளும் படைவீரர்களும் தங்கள் செலவைக் கோவில் தலையில் கட்டுகிறார்கள், எங்களால் தாங்க முடியவில்லை. மன்னர் இசைந்தார். அந்த வெற்றியைப் பதிவு செய்ய, கோவில் முன் ஓர் ஊசித்தூண் நட்டார்கள். அடியில் கிரேக்கம், மேலே சித்திர எழுத்து.

1815-ல் ஆங்கிலேயப் பயணி வில்லியம் பேங்க்ஸ் அதைப் பார்த்தார். பிறகு இங்கிலாந்துக்கே கொண்டு போனார். சித்திர எழுத்தும் கிரேக்கமும் சேர்ந்து இருந்ததால் அறிஞர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து வந்த ரொசெட்டா கல்லின் சித்திர எழுத்துப் பகுதியில் தாலமி பெயர் மட்டுமே இருந்தது. இந்தத் தூணில் தாலமியோடு கிளியோபாத்ரா பெயரும் இருந்தது. இரண்டு பெயர்களுக்கும் பொதுவான ப, ஒ, ல ஒலிகளுக்கு ஒரே குறிகள் வருவதைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் கண்டார். 1822-ல் அந்த எழுத்தைப் படிக்கும் வழியை அறிவித்தார்.

விருந்தினர் தொல்லை தாங்காமல் பூசாரிகள் நட்ட கல், பின்னால் வந்த ஒரு விருந்தினர் கண்ணில் பட்டு அவர்கள் எழுத்தையே மீட்டது. 1828-ல் ஷாம்போலியன் நேரில் பிலேக்கு வந்தார். அதன் சுவர்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அன்றுதான் அங்கே காலடி வைத்தார்.