வீரச் சக்கரங்கள்: விதிகளின் வரலாறு

துணிச்சலான செயலுக்காக இந்திய அரசு வழங்கும் உயர் விருதுகள் ஆறு. பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியவை. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகிய மூன்றும் எதிரி முன்னில்லாத இடத்து வீரத்துக்கு. இவற்றுக்குக் கீழே, முப்படைகளுக்கும் தனித்தனியாக 1960-இல் ஏற்பட்ட சேனா பதக்கங்கள் உண்டு. இவற்றுக்கான விதிகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. குடியரசுத் தலைவர் பெயரில் அரசிதழில் வெளியான ஆணைகள். ஒருவர் எவ்வளவு துணிந்தார் என்பதோடு, அவர் யார் எதிரே நின்றார், அதை யார் கண்டார் என்பதையும் அவை கறாராகக் கேட்கின்றன.

நாசரேத், ஆழ்வார்திருநகரி, பாஞ்சாலங்குறிச்சி என விரியும் தூத்துக்குடிச் சீமையில் பதக்கம் பிற்காலத்து வரவு. தமிழகத்தில் வீரத்துக்கு அரசு கொடுத்த பழைய கைம்மாறு நிலம்தான். போரில் விழுந்தவனுக்கு ஊரார் நடுகல் நட்டார்கள். அவன் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்ற பெயரில் மானிய நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியும் முதலில் அதே வழியில்தான் போனது. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியபின், அந்தப் பாளையத்து நிலங்களைத் தன் பக்கம் நின்ற எட்டயபுரம் முதலிய பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அது வீரத்துக்கா, விசுவாசத்துக்கா என்று கேட்டால், கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

நிலத்தின் இடத்துக்கு உலோகம் வந்தது 1837-இல். இந்தியச் சிப்பாய்களுக்கென்றே கம்பெனி ஏற்படுத்திய ஆர்டர் ஆஃப் மெரிட் மூன்று வகுப்புகள் கொண்டது; பெற்றவருக்குக் கூடுதல் ஊதியமும் உண்டு. 1856 ஜனவரி 29-இல் பிறந்த விக்டோரியா கிராஸின் சாசனத்தில் ஒரு விநோதமான விதி இருந்தது: ஒரு படைப்பிரிவு முழுவதும் சமமாக வீரம் காட்டியிருந்தால், யாருக்குப் பதக்கம் என்பதை வீரர்களே வாக்களித்து முடிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதக்கம் இந்தியச் சிப்பாய்க்குக் கிடையாது. 1911-இல்தான் அந்தக் கதவு திறந்தது. 1914-இல் பெல்ஜியத்தில் போரிட்ட குதாதாத் கான் அதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். செத்தவருக்குக் கொடுப்பதா என்பதிலும் பிரிட்டனுக்குத் தயக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இறந்தவர்களுக்கும் வழங்கத் தொடங்கினார்கள், 1920-ஆம் ஆண்டுச் சாசனத்தில்தான் அது எழுத்தில் ஏறியது.

எதிரி முன்னே இருந்தானா என்ற கேள்வி தமிழ் வீரர் ஒருவரின் கதையில் கூர்மையாக எழுந்தது. மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். வெடிக்கப் போன கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்திச் சகவீரர்களைக் காப்பாற்றி இறந்தார். அவருக்குக் கிடைத்தது 1940-இல் ஏற்பட்ட ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸ் அல்ல. கண்ணியைப் புதைத்தவன் எதிரிதான், ஆனால் அந்த நேரத்தில் அவன் முன்னே நிற்கவில்லை. விதியின் கணக்கு அப்படி.

விடுதலைக்குப் பின் இந்தப் பாகுபாடு அப்படியே தொடர்ந்தது. முதல் மூன்று சக்கரங்களும் குடியரசு பிறந்த 1950 ஜனவரி 26 அன்று ஏற்பட்டன. 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். காஷ்மீர்ப் போர் அதற்குள் முடிந்திருந்ததால் இந்த முன்தேதி தேவைப்பட்டது. 1947 நவம்பரில் பத்காமில் இறந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம் வீர் சக்ரா பெற்றது இதனால்தான். பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்தவர். வெண்கலத்தில் நான்கு வஜ்ராயுதங்களும் நடுவே அரசு முத்திரையும். அசோக சக்ரா வரிசை 1952-இல் மூன்று வகுப்புகளாக வந்தது. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றால் வீரத்துக்கே தரம் குறைந்தது போலத் தோன்றுமே! 1967-இல் வகுப்புகளை எடுத்துவிட்டுக் கீர்த்தி, சௌர்யா என்று பெயர் மாற்றினார்கள்.

பரம் வீர் சக்ரா யாருக்கு என்பதை விதி தாராளமாகவே வரையறுக்கிறது: தரை, கடல், வான் எதுவாயினும் எல்லாத் தரத்து ஆண், பெண் படையினர், பிராந்தியப் படையினர், செவிலியர், படையின் ஆணைக்கு உட்பட்டு வேலை செய்யும் பொதுமக்கள்கூட. இரண்டாம் முறையும் அதே தகுதி கிடைத்தால் நாடாவில் ஒரு பட்டை சேரும். குடியரசுத் தலைவர் விருதை ரத்து செய்யலாம், பின்னர் திருப்பியும் தரலாம். இதுவரை இருபத்தொருவருக்கு இது கிடைத்துள்ளது. அவர்களில் பதினான்கு பேர் இறந்தபின் பெற்றவர்கள்.

தாராளமாக இல்லாதது ‘எதிரி’ என்ற சொல்தான், அதுவும் சில நேரம் எதிர்பாராத பக்கம் நெகிழும். 1987 நவம்பர் 25 இரவு யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் பதுங்கித் தாக்கியவர்களை எதிர்த்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே வீழ்த்திவிட்டு இறந்தார். அங்கே போர் அறிவிக்கப்படவில்லை. எதிரில் இருந்தது ஒரு நாட்டின் படையும் அல்ல. ஆயினும் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் ஒரே பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. சுட்டவரும் தமிழர், சுடப்பட்டவரும் தமிழர் என்பதைத் தமிழ் வாசகரால் எளிதில் கடந்து போக முடியாது. ஆனால் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோப்பியானில் தீவிரவாதிகளோடு மோதி இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. உள்நாட்டில் நடந்த அந்த மோதல் எதிரிமுன் வீரமாகக் கொள்ளப்படவில்லை. 2020 ஜூனில் கல்வானில் ஒரு தோட்டாகூடச் சுடப்படாமல், கம்பும் கல்லுமாக நடந்த மோதலில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா. அங்கே எதிரில் நின்றது சீனப் படை. ஆகவே அது எதிரி. இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விருதின் பெயர் வீரனின் செயலைவிட அரசியல் நிலவரத்தை அதிகமாகச் சொல்கிறது என்று தோன்றும்.

இறப்பு மட்டுமே தகுதியாவதில்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் வாகன வரிசையைத் தகர்த்த குண்டுவெடிப்பில், தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியிலிருந்து போன இளம் மத்திய ரிசர்வ் காவலரும் இறந்தார். ஊரே திரண்டு அழுதது. விதியோ செயலைக் கேட்கும். செய்ய வாய்ப்பே கிடைக்காத சாவை அளக்க அதனிடம் கோல் இல்லை.

செயல் இருந்தாலும் அது தாளில் ஏற வேண்டும். பிரிவின் தளபதி பரிந்துரையை எழுதுவார். அது பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்டு என்று ஏறி, படைத் தலைமையகத்தின் விருதுக் குழுவைக் கடந்து, பாதுகாப்பு அமைச்சரும் முப்படைத் தளபதிகளும் அமரும் மத்தியக் குழுவுக்குப் போகும். பின் பிரதமர், குடியரசுத் தலைவர். அறிவிப்பு பெரும்பாலும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி. இந்த ஏணியின் எந்தப் படியிலும் வாசகம் மெலியலாம். ராமேசுவரத்தில் பிறந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே மாதம் கார்கில் போரில் உயிர் துறந்தது பட்டாலிக் பகுதியில். மலை முகட்டில் கிடந்த அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அவருக்கு வீர் சக்ரா வந்தது. அதே பட்டாலிக்கில் எழுபதாவது பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போர் அறிக்கையில் தம் பங்கு மறைக்கப்பட்டதென வழக்காடினார். 2010-இல் படைத்துறைத் தீர்ப்பாயம் அந்தப் பதிவுகளைத் திருத்தச் சொன்னது. பதினோரு ஆண்டுக்குப் பின் திருத்திய தாள் அது.

அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு பட்டங்களைத் தடை செய்தாலும், படைத்துறைச் சிறப்புகளையும் கல்விச் சிறப்புகளையும் அந்தத் தடையிலிருந்து விலக்குகிறது. பத்ம விருதுகளைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் பாலாஜி ராகவன் வழக்கில் சொன்னது. படைவிருது பெற்றவர் பெயருக்குப் பின்னே அதன் சுருக்கெழுத்தைப் போடும் வழக்கமோ இன்றும் இருக்கிறது.

பதக்கம் பெற்றவரின் உடைமைதான், ஆனால் முழு உடைமை அல்ல. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, பணியில் இருக்கும் வீரர் தம் பதக்கத்தை விற்றாலோ, அடகு வைத்தாலோ, அழித்தாலோ சிறைத்தண்டனை உண்டு. நாசரேத் கடைத்தெருவில் மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைக்கலாம்; தம் மார்பில் குத்திய வெண்கலத்தை வைக்கக் கூடாது.

பதக்கத்தோடு வரும் மாதப்படி சிறிது. 2017 ஆகஸ்ட் முதல் பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ராவுக்கு 12,000, வீர் சக்ராவுக்கு 7,000 என்று இரட்டிப்பாக்கினார்கள். வீரர் இறந்தபின் அது விதவைக்குப் போகும். ஆனால் முன்பெல்லாம் அவர் மறுமணம் செய்தால் படி நின்றுவிடும். கணவரின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டும் தொடரும் என்று விதி நெடுங்காலம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் பணம், வெளியே போனால் இல்லை. 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை நீக்கினார்கள்; இப்போது மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர் உயிரோடுள்ள வரை படி உண்டு.